நம்ம வண்டியின் சொந்தங்கள்: சாலையில் சக பழைய கார் உரிமையாளரைக் கண்டு, பேசி, பதிவு செய்ய முழுமையான வழிகாட்டி

பத்மினி, அம்பாசிடர், கன்டெஸ்ஸா, ஹெரால்டு என்று ஏதோ ஒரு பழைய காரை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எதிரே அதே மாதிரி வண்டி வந்தால் மனசு துள்ளும். கழுத்தைத் திருப்பிப் பார்ப்போம். அதற்குள் அது போய்விடும். அதோடு விட்டுவிட்டால் இரண்டு பேருக்கும் நஷ்டம்.

காரணம் எளிது. இந்த வண்டிகளைச் செய்த தொழிற்சாலைகள் நின்றுவிட்டன. கடைசி அம்பாசிடர் 2014 மே மாதத்தோடு சரி. பத்மினி அதற்கும் பல வருடம் முன்பே நின்றது. இனி ஒரு கதவுக் கண்ணாடியோ, பின்விளக்கு மூடியோ, வேலை தெரிந்த ஒரு மெக்கானிக்கின் பெயரோ, ஒரு உரிமையாளரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்ச் சேர்ந்தால்தான் உண்டு.

நான் ஓட்டுவது பத்மினி. ஓடுவது பெரும்பாலும் சென்னையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும். என்னோடு வந்த புதியவர்கள் பலரும் ஒரே இடத்தில்தான் தடுமாறினார்கள்: வண்டியைப் பார்த்ததும் போனை எடுக்கிறார்கள், என்ன பார்த்தோம் என்பது மட்டும் மனதில் நிற்பதில்லை. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. முதலில் உங்கள் வண்டியைச் சுற்றி வாருங்கள்

ஒரு காலை வேளையில் உங்கள் காரைப் பத்தடி தள்ளி நின்று சுற்றிப் பாருங்கள். கிரில் எப்படி இருக்கிறது, இண்டிகேட்டர் எங்கே இருக்கிறது, பெயர்ப் பட்டை எந்தப் பக்கம், கதவுக் கைப்பிடி எந்த ஓரத்தில் என்று பாருங்கள். பிறகு ஆர்.சி. புத்தகத்தை எடுத்து அதில் உள்ள தயாரிப்பு மாதம், வருடத்தோடு ஒப்பிடுங்கள்.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம், சாலையில் உங்களுக்குக் கிடைப்பது நான்கைந்து வினாடிதான். அதற்குள் ‘என் வண்டியிலிருந்து இது எதில் மாறுகிறது’ என்று கண் தானாகத் தேட வேண்டும். சொந்த வண்டியே மனப்பாடம் இல்லாதவருக்கு எல்லா பத்மினியும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இன்னொன்று. பேச்சு கொடுத்ததும் எதிராளி கேட்கும் முதல் கேள்வி, “உங்களுது என்ன வருஷம்?” என்பதுதான். அதற்குப் பதில் தெரியாமல் நின்றால் பேச்சு அங்கேயே படுத்துவிடும்.

2. வகை பிரிக்கும் அடையாளங்கள்

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். என் வண்டியிலிருந்தே தொடங்குகிறேன்.

பியட், பத்மினி: தூரத்தில் வரும்போது முதலில் முன் கதவின் கைப்பிடியைப் பாருங்கள். கைப்பிடி முன் சக்கரத்துப் பக்கம் இருந்தால், கதவின் கீல் நடுத்தூணில் இருக்கிறது. கதவு முன்பக்கமிருந்து திறக்கும். அது 1964-க்கு முந்தைய பியட் 1100. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் அன்றைக்கு வேறு எதுவும் பார்க்க வேண்டியதில்லை. கைப்பிடி நடுத்தூண் பக்கம் இருந்தால் 1100 டி அல்லது அதன் பின் வந்தவை.

1970-களின் தொடக்கத்தில் பியட் என்ற பெயர் போய் பிரீமியர் பிரசிடென்ட் ஆனது. 1974-ல் பத்மினி ஆனது. நம் ஊரில் எல்லாவற்றையும் ‘பியட் கார்’ என்றே சொல்வார்கள், அதில் தவறில்லை. ஆனால் குறிப்பெடுக்கும்போது டிக்கியில் என்ன பெயர் ஒட்டியிருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். பெயர்ப் பட்டை ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருக்கும் என்பதால் அதை மட்டும் நம்பி வருடம் சொல்லக் கூடாது. கதவையும் கியரையும் சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலான பத்மினிகளில் கியர் ஸ்டீயரிங் தண்டில் இருக்கும். தரையிலிருந்து கியர் முளைத்து, முன்னால் இரண்டு தனி சீட் இருந்தால், ஒன்று அது கடைசிக் காலத்து எஸ் 1 வகை, இல்லை யாரோ மாற்றிக் கட்டியது. எது என்று உரிமையாளரைக் கேட்டால்தான் தெரியும். கேட்பதற்கு இது நல்ல கேள்வியும்கூட.

அம்பாசிடர்: இங்கே கிரில்தான் ஜாதகம். 1960-களின் மார்க் 2-ல் சின்னச் சின்னக் கட்டமாக நெருக்கமான கிரில். 1975-ல் வந்த மார்க் 3-ல் தடிமனான குறுக்குப் பட்டைகள். 1979-ன் மார்க் 4-ல் கிரில் சிறுத்துப்போய், பார்க்கிங் விளக்கும் இண்டிகேட்டரும் தனியாகப் பிரிந்திருக்கும். 1990-களில் ஜப்பானின் இசுசு கம்பெனி எஞ்சினோடு வந்தவற்றில் 1800 ஐ.எஸ்.இசட். என்ற எழுத்து பின்னால் இருக்கும். மார்க் 2 கிரில்லை ஆசைக்கு வாங்கி மார்க் 4-ல் மாட்டியவர்களும் உண்டு. அதனால் கிரில்லைப் பார்த்தபின் இண்டிகேட்டரையும் ஒருமுறை பாருங்கள். இரண்டும் ஒரே காலத்தைச் சொல்லாவிட்டால் ‘மாற்றியது’ என்று எழுதுங்கள்.

கன்டெஸ்ஸா: நீளமான பெட்டி உடம்பு, முன்னால் நான்கு வட்ட ஹெட்லைட். தவறவே முடியாது. 1984-ல் வந்தபோது அம்பாசிடரின் பழைய 1489 சி.சி. எஞ்சின்தான் இருந்தது, பின்னால் 1.8 லிட்டர் இசுசு எஞ்சினோடு கன்டெஸ்ஸா கிளாசிக் ஆனது. வெளியிலிருந்து பிரிக்க டிக்கியில் உள்ள எழுத்தே வழி.

ஸ்டாண்டர்டு: இது சென்னைக்காரர்களின் சொந்த வண்டி. வண்டலூரில் செய்தது. ஹெரால்டில் பானெட் மட்டும் தனியாகத் திறக்காது. முன் மட்கார்டுகளோடு மொத்த மூக்கும் முன்பக்கம் சாயும். சாலையோரம் ஒரு சின்ன கார் மூக்கைத் தரையில் கவிழ்த்துக்கொண்டு நின்றால் அது ஹெரால்டு குடும்பம். 1985-ல் வந்த ஸ்டாண்டர்டு 2000 வேறு ஜாதி: பின்பக்கம் சரிந்த கூரை, பெரிய உடம்பு.

படத்தில் பார்த்துக் கற்பதைவிட நேரில் பார்த்துக் கற்பது பத்து மடங்கு வேகம். கோவைப் பக்கம் போனால் அவினாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் ஜீடி கார் அருங்காட்சியகத்தில் ஒரு அரை நாள் இருங்கள். சென்னையில் ஏ.வி.எம். பாரம்பரிய அருங்காட்சியகத்திலும் பழைய கார்கள் நிற்கின்றன. நின்ற வண்டியைச் சுற்றி வந்து பழகிய கண்தான் ஓடும் வண்டியைப் பிடிக்கும்.

3. நம்பர் பிளேட்டை எப்படி வாசிப்பது

1989-க்கு முன் பதிவான வண்டிகளில் மூன்று எழுத்து இருக்கும். எம்.டி., எம்.எஸ்., டி.எம்., டி.என். போன்ற இரண்டு எழுத்து, அதன்பின் ஒரு எழுத்து, அப்புறம் எண். 1989-ல் மாநில எழுத்தும் அலுவலக எண்ணும் சேர்ந்த இன்றைய முறை வந்தது: டி.என். 07 என்றால் தென்சென்னை, டி.என். 37 என்றால் கோவை தெற்கு, டி.என். 59 என்றால் மதுரை வடக்கு.

புதியவர்கள் செய்யும் தவறு, பிளேட்டை வைத்து வண்டியின் வயதைச் சொல்வது. வெளிமாநிலத்தில் பல வருடம் ஓடிய பத்மினியை இங்கே கொண்டுவந்து பதிவை மாற்றினால் அதற்குப் புது எண்தான் கிடைக்கும். எண் புதிது என்பதற்காக வண்டி புதிது ஆகிவிடாது. மூன்றெழுத்து பிளேட் இருந்தால் மட்டும் ஒன்றை நம்பிச் சொல்லலாம்: வண்டி 1989-க்கு முன்னாலேயே நம் மாநிலத்தில் பதிவாகிவிட்டது. அப்படிப்பட்ட வண்டி ஒரே குடும்பத்தில் இருந்துவர வாய்ப்பு அதிகம். அவர்களிடம் பழைய பில், கையேடு, முதல் சாவி எல்லாம் இருக்கும்.

‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் நடுவில் வந்தால் அது 2021-ல் வந்த விதிப்படி விண்டேஜாகப் பதிவான வண்டி. 50 வயது தாண்டியிருக்க வேண்டும். முதல் பத்மினிகளுக்கு இப்போதுதான் அந்த வயது வந்திருக்கிறது. விண்டேஜ் பதிவு வண்டியை அன்றாட ஓட்டத்துக்குப் பயன்படுத்த முடியாது. அதனால் தினம் ஓட்டுகிறவர்கள் பழைய பதிவையே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்டிப் புதுப்பித்துக்கொள்கிறார்கள். சாலையில் நீங்கள் பார்ப்பதில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

பிளேட் எண்ணை வைத்து உரிமையாளரின் பெயர், முகவரியைத் தோண்ட முயலாதீர்கள். அது உறவை ஆரம்பிக்கும் முறை இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்றால் நமக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

4. கையோடு இருக்க வேண்டியவை

சின்ன நோட்டு ஒன்று, பேனா ஒன்று. போனில் எழுதலாமே என்பார்கள். எழுதலாம்தான், ஆனால் போனைத் திறந்தால் வேறு ஏதோ வந்திருக்கும், எழுத வந்தது மறந்துவிடும்.

பெயர், போன் எண், உங்கள் வண்டியின் வகை, வருடம் எழுதிய சின்னச் சீட்டுகள் இருபது. கையால் எழுதியது போதும். அச்சடித்த விசிட்டிங் கார்டு கொடுத்தால் புரோக்கர் என்று நினைக்கிறார்கள். இதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

டிக்கியில் இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு பருத்தித் துணி, பேன் பெல்ட், பாயின்ட் செட், கண்டென்சர் (இவை இரண்டும் எஞ்சினில் தீப்பொறி வர உதவும் சின்னப் பாகங்கள்), இழுக்கும் கயிறு. இவை உங்கள் வண்டிக்கும் வேண்டியவையே. எதற்குச் சொல்கிறேன் என்பது 9-ஆம் பகுதியில் புரியும்.

5. எங்கே, எப்போது பார்ப்பது

பழைய வண்டிக்காரர் வெயிலுக்குப் பயப்படுவார். ஏ.சி. இல்லை, நெரிசலில் எஞ்சின் சூடேறும். அதனால் ஞாயிறு காலை ஆறிலிருந்து எட்டரை வரைதான் நல்ல நேரம். திருவான்மியூரிலிருந்து கோவளம், மாமல்லபுரம் வரையிலான சாலை, பெசன்ட் நகர் கடற்கரை, மெரினா காமராஜர் சாலை மூன்றும் நம்பிப் போகலாம். அக்னி நட்சத்திரம் நடக்கும்போது இன்னும் அரை மணி முன்னால் கிளம்புங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எதிர்பார்க்காதீர்கள். துருவுக்குப் பயந்து எல்லோரும் வண்டியை மூடிவைத்திருப்பார்கள்.

வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் உங்களுக்கு என்றால், ஆயுத பூஜை. வருடம் முழுக்க ஷெட்டுக்குள் கிடந்த வண்டியைக்கூட அன்று கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு வாசலில் நிறுத்துவார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஒரு சுற்றாவது ஓட்டுவார்கள். மயிலாப்பூர், மாம்பலம் மாதிரி பழைய குடியிருப்புத் தெருக்களில் அன்று மாலை நடந்தே போங்கள், வண்டியில் போகாதீர்கள். நடந்து போகும் ஆளைக் கூப்பிட்டுச் சுண்டல் கொடுப்பார்கள். அப்புறம் பேச்சுக்கு என்ன குறை?

அடுத்தது முகூர்த்த நாள். தை, வைகாசி, ஆவணி என்று கல்யாணம் நடக்கும் மாதங்களில் மண்டப வாசலில் அலங்கரித்த அம்பாசிடரோ கன்டெஸ்ஸாவோ நிற்கும். ஓட்டி வந்தவருக்கு அங்கே இரண்டு மூன்று மணி நேரம் சும்மா நிற்பதுதான் வேலை, பொறுமையாகப் பேசுவார். அவர் பெரும்பாலும் உரிமையாளர் இல்லை, வாடகை வண்டி ஓட்டுநர். உங்கள் சீட்டைக் கொடுத்து முதலாளியிடம் தரச் சொல்லுங்கள். எண்ணைக் கேட்டு நச்சரிக்காதீர்கள்.

மெக்கானிக் ஷெட்டை விட்டுவிடாதீர்கள். கார்புரேட்டரும் பாயின்ட்டும் சரிசெய்யத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அவரைச் சுற்றிப் பத்து வண்டி இருக்கும். சென்னையில் பாகம் தேடிப் புதுப்பேட்டைக்குப் போகும்போதும் கடையில், “இது வேற யாரு வாங்குறாங்க?” என்று கேட்டு உங்கள் சீட்டை விட்டு வாருங்கள்.

6. ஓடும் வண்டியிலிருந்து பார்க்கும்போது

நீங்கள் ஓட்டிக்கொண்டிருந்தால் போனைத் தொடவே கூடாது. சட்டப்படியும் குற்றம், அதைவிட, டிரம் பிரேக் வண்டியை ஓட்டிக்கொண்டு போனைப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. பக்கத்தில் ஆள் இருந்தால் அவர் படம் எடுக்கட்டும். தனியாக இருந்தால் பார்த்ததை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்: “கிரீம் பத்மினி, மூணெழுத்து, இடது பின்விளக்கு உடைஞ்சது, அடையாறு பக்கம்.” சத்தமாகச் சொன்னது அடுத்த பெட்ரோல் பங்க் வரை மறக்காது. இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. என் நோட்டில் உள்ள பாதிக்கு மேல் இப்படி வந்தவைதான்.

வணக்கம் சொல்ல ஹெட்லைட்டை மினுக்காதீர்கள். நம் சாலையில் அதற்கு ஒரே அர்த்தம், ‘நான் வருகிறேன், வழி விடு’. எதிரே வரும் பெரியவர் பதறிப்போய் பிரேக் போடுவார். ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையைச் சற்று உயர்த்திக் காட்டினால் போதும். அவர் உங்கள் வண்டியை ஏற்கெனவே பார்த்துவிட்டார், கையும் தெரியும்.

முந்திப் போய் முன்னால் நிறுத்துவது, திருப்பித் துரத்துவது இரண்டும் வேண்டாம். என் நண்பர் ஒருவர் ஒரு கன்டெஸ்ஸாவைப் பார்த்த ஆசையில் இரவு நேரத்தில் அண்ணா நகர் வரை பின்னாலேயே போய்விட்டார். அந்த வண்டியில் இருந்த குடும்பம் பயந்து, வீட்டுக்குப் போகாமல் ஆள் நடமாட்டம் உள்ள கடை வாசலில் நிறுத்தியது. நண்பர் இறங்கி விளக்கம் சொன்னார், மன்னிப்புக் கேட்டார். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள், ஆனால் எண் தரவில்லை. அந்த வண்டியோடு தொடர்பு கிடைக்கும் வழி அன்றோடு அடைபட்டது.

சிக்னலில் பக்கத்தில் நின்றால், எண்ணிக்கை காட்டும் பலகையைப் பாருங்கள். இருபதுக்கு மேல் இருந்தால் கண்ணாடியை இறக்கி, “சார், நல்லா வெச்சிருக்கீங்க, நானும் பத்மினிதான்” என்று சொல்லிச் சீட்டை நீட்டலாம். குறைவாக இருந்தால் சிரித்துவிட்டு விடுங்கள். பின்னால் ஹாரன் அடிக்கும்போது பழைய வண்டியில் கியர் விழாமல் நிற்பதைப் போன்ற சங்கடம் வேறில்லை. அவருக்கு அதை உண்டாக்காதீர்கள்.

7. நிறுத்தியிருக்கும் வண்டியைக் கண்டால்

முதலில் பத்து நிமிடம் காத்திருங்கள். உரிமையாளர் பக்கத்துக் கடையில்தான் இருப்பார். சுற்றிப் பாருங்கள், ஆனால் தொடாதீர்கள். கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே எட்டிப் பார்க்கவும் கூடாது. தூரத்திலிருந்து பார்க்கிற உரிமையாளருக்கு இரண்டும் திருட்டு முயற்சி போலத்தான் தெரியும்.

வரவில்லை என்றால் சீட்டு வைக்க வேண்டியதுதான். வைப்பரைத் தூக்கி அடியில் செருகாதீர்கள். பழைய வைப்பர் கையின் ஸ்பிரிங் விட்டுப்போனால் திரும்பக் கிடைப்பது கஷ்டம், நீங்களே அதற்குக் காரணமாகிவிடுவீர்கள். ஓட்டுநர் பக்கக் கதவுக் கண்ணாடியும் ரப்பரும் சேரும் இடுக்கில் சீட்டின் ஓரத்தை மட்டும் செருகுங்கள். சீட்டில் இரண்டு வரி போதும்: ‘நானும் இதே வண்டி வைத்திருக்கிறேன். வாங்கவோ விற்கவோ இல்லை. பேசலாம் என்றால் கூப்பிடுங்கள்.’ நடு வாக்கியத்தை எழுத மறக்காதீர்கள். அது இல்லாமல் வைத்த சீட்டுகளுக்கு எனக்குப் பெரும்பாலும் பதில் வந்ததில்லை.

8. பேச்சின் முதல் ஒரு நிமிடம்

கேட்கக் கூடாத கேள்விகள் இரண்டு. “வண்டி கொடுப்பீங்களா?” என்பது முதலாவது. பழைய கார் வைத்திருப்பவர் வாரம் ஒருமுறையாவது இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர். “என்ன மைலேஜ் கொடுக்கும்?” என்பது இரண்டாவது. நீங்களும் அதே வண்டி வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு இதைக் கேட்டால் நம்ப மாட்டார்.

கேட்க வேண்டியது: “யாருங்க வேலை பார்க்குறாங்க?” இதற்குப் பதில் சொல்லாத உரிமையாளரை நான் இன்னும் பார்க்கவில்லை. நல்ல மெக்கானிக் என்றால் புகழ்வார், மோசமென்றால் கொட்டித் தீர்ப்பார். இரண்டுமே உங்களுக்குத் தேவையான செய்தி. அப்புறம் உங்களுக்குத் தெரிந்த ஒன்றைக் கொடுங்கள்: இன்ன கடையில் கதவு ரப்பர் கிடைக்கிறது, இன்ன ஊரில் ரேடியேட்டர் கட்டுகிறார்கள் என்று. எதையும் கொடுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தால் பேச்சு விசாரணை போல் ஆகிவிடும்.

வயதில் பெரியவரென்றால் ‘ஐயா’ அல்லது ‘சார்’. பெண் ஓட்டி வந்தால் ‘மேடம்’ என்று தொடங்கி அவரிடமே பேசுங்கள். பக்கத்தில் இருக்கும் ஆணைப் பார்த்து வண்டியைப் பற்றிக் கேட்பது பெரிய அவமரியாதை. வண்டி அவருடையது.

பானெட்டைத் திறக்கச் சொல்லாதீர்கள். அவரே திறப்பார். திறந்தால் அரை மணி நேரம் அங்கேதான்.

9. வழியில் நின்றுபோன வண்டி

பானெட்டைத் தூக்கியபடி ஒரு பழைய வண்டி ஓரமாக நின்றால், வேறு எந்த அவசரம் இருந்தாலும் நிறுத்துங்கள். இந்த ஒரு இடத்தில் தயக்கமே வேண்டாம்.

கோடையில் பத்மினி நிற்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டி இருக்கிறது. சூட்டில் பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகி, கார்புரேட்டருக்குப் போகாது. வேப்பர் லாக் என்பார்கள். பருத்தித் துணியை நனைத்துப் பம்பின் மேல் சுற்றிப் பத்து நிமிடம் விட்டால் வண்டி கிளம்பிவிடும். ரேடியேட்டர் கொதித்துக்கொண்டிருந்தால் மூடியைத் திறக்க விடாதீர்கள். ஆறட்டும், பிறகு தண்ணீர் ஊற்றலாம். கரண்ட் வரவில்லை என்றால் பாயின்ட், கண்டென்சர் பக்கம் பாருங்கள்.

உங்கள் வண்டியைப் பின்னால் இருபதடி தள்ளி நிறுத்தி, விளக்கைப் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். உதவ வந்தவர் அடிபடுவதை நெடுஞ்சாலைகளில் பார்த்திருக்கிறோம்.

10. அன்றன்றே நோட்டில் ஏற்றுங்கள்

எழுத வேண்டியவை: தேதி, நேரம், இடம், எந்தத் திசையில் போனது, வகை, நிறம், பிளேட்டின் முதல் பகுதி, கண்ணில் பட்ட ஒரு தனி அடையாளம், கடைசியாக நிலை. நிலை என்றால் ‘பார்த்தேன்’, ‘சீட்டு வைத்தேன்’, ‘பேசினேன்’ மூன்றில் ஒன்று.

எல்லோரும் விட்டுவிடுவது திசையும் நேரமும். ஆனால் அவைதான் சோறு போடும். ஒரு கிரீம் நிற பத்மினியை இரண்டு மாதத்தில் நான்கு முறை பார்த்தேன். இடது பின்பக்க வால் முனையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பள்ளம். ஒரு முறையும் பேச முடியவில்லை. ஒரு நாள் நோட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது: நான்கும் வெள்ளிக்கிழமை, நான்கும் மாலை ஆறரையை ஒட்டி, நான்கும் அடையாறிலிருந்து மயிலாப்பூர் பக்கம். கோயிலுக்குத்தான் போகிறார் என்று தோன்றியது. அடுத்த வெள்ளிக்கிழமை கபாலி கோயில் தெப்பக்குளம் பக்கம் நின்றேன். பள்ளம் விழுந்த அந்த வால் முனை, பூக்கடை வரிசைக்கு அந்தப் பக்கம் தெரிந்தது.

எழுபது வயதிருக்கும். அர்ச்சனைத் தட்டோடு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் பேசாமல் டிக்கியைத் திறந்தார். உள்ளே மடித்து வைத்த ஒரு பழைய வேட்டித் துண்டு, தண்ணீர் பாட்டில், பிஸ்கட் டப்பாவில் பாயின்ட் செட்டுகள், நூல் கட்டித் தொங்கவிட்ட பேன் பெல்ட். “துணி வெச்சிருக்கியா தம்பி?” என்று கேட்டார். “வெச்சிருக்கேன், ஐயா” என்றேன். “அப்போ நீ நிஜமாவே ஓட்டுற” என்று சொல்லிவிட்டு எண்ணைக் கொடுத்தார். எனக்கு மூன்று வருடமாகக் கிடைக்காத பின்விளக்கு மூடி அவர் வீட்டுப் பரணில் இருந்தது.

நிறத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மஞ்சள் தெருவிளக்கு வெளிச்சத்தில் வெள்ளையும் கிரீமும் ஒன்றுதான். இரவில் பார்த்ததென்றால் நிறத்துக்கு எதிரே ‘இரவு’ என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒரே வண்டி நோட்டில் இரண்டு வண்டியாகிவிடும்.

11. படத்தைப் பகிர்வதற்கு முன்

பிளேட்டை மறையுங்கள். வீட்டு வாசல், தெருப்பெயர்ப் பலகை, கடைப் பெயர் தெரிந்தால் வெட்டிவிடுங்கள். பார்த்த அன்றே போடாமல் ஓரிரு நாள் கழித்துப் போடுங்கள். பழைய வண்டியின் பெயர்ப் பட்டைக்கும் சக்கர மூடிக்கும் விலை இருக்கிறது. எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் இரவோடு இரவாகக் கழற்றிக்கொண்டு போக ஆள் இருக்கிறது. உரிமையாளரோடு பேசியிருந்தால் அவரிடம் கேட்டுவிட்டே பகிருங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், ஏன் என்று கேட்க வேண்டியதில்லை.

12. நோட்டைச் சும்மா விடாதீர்கள்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டை முதலிலிருந்து புரட்டுங்கள். ‘பேசினேன்’ என்று இருப்பவர்களில் யாருடைய வண்டி இந்த மூன்று மாதத்தில் கண்ணில் படவில்லை என்று பாருங்கள். அவருக்கு ஒரு போன் போடுங்கள். உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், பாகம் கிடைக்காமல் வண்டி ஷெட்டில் கிடக்கலாம். என்ன பாகம் என்று கேட்டு எழுதி, மற்றவர்களைக் கேளுங்கள்.

சில சமயம், “கொடுத்துட்டேன்பா, பையன் வெளிநாட்டுல இருக்கான், யாரு பார்த்துக்குறது” என்று பதில் வரும். வருத்தமாகத்தான் இருக்கும். யாரிடம், எந்த ஊருக்குப் போனது என்று கேட்டு, நோட்டில் அந்த வண்டியின் பழைய குறிப்புக்கு எதிரிலேயே புது ஊரை எழுதுங்கள். அந்தப் பக்கம் போகும்போது கையோடு ஒரு சீட்டு எடுத்துப்போங்கள்.